ஃப்ளாரன்ஸ் மெடிசி அரண்மனை: மாடிக்கு ஓடாதீர்கள், முற்றத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

ஃப்ளாரன்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் உஃபீட்ஸி ஓவியக்கூடம், டுவோமோ பேராலயம், அக்காடெமியா அருங்காட்சியகம் மூன்றையும் முடித்துவிட்டு, அரை நாள் மிச்சமிருந்தால் வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்பார்கள். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பலாட்ஸோ மெடிசி ரிக்கார்டி. டுவோமோவிலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் வியா காவூர் தெருவில் இடது கைப்பக்கம் வரும். மெடிசி என்ற ஒரு வங்கிக் குடும்பம் ஒரு நகரத்தையே எப்படிக் கையில் வைத்திருந்தது என்பதை ஒரே கட்டடத்துக்குள் நடந்து பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் எனக்குத் தெரியாது.

ஆனால் இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. டிக்கெட் வாங்கிய கையோடு முற்றத்தைக் குறுக்கே கடந்து, நேராகப் படியேறி, கொட்ஸோலி வரைந்த சிற்றாலயத்தைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுகிறார்கள். நான் போயிருந்தபோது ஒரு சுற்றுலாக் குழு, கையில் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் முற்றத்தைக் கடந்தது. கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்த வழிகாட்டி தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் தலையை நிமிர்த்தவும் இல்லை. சிற்றாலயம் அற்புதம்தான், அதைப் பற்றிக் கீழே நிறையவே சொல்கிறேன். ஆனால் இந்த வீட்டின் உயிர் இருப்பது முற்றத்தில். பின்னால் இத்தாலி முழுக்கப் பணக்காரர்கள் கட்டிய மாளிகைகளுக்கு இதுதான் முன்மாதிரி.

முதலில் வெளியே நின்று பாருங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் முகப்பு முழுசாகத் தெரியும். 1444ல் கோசிமோ தெ மெடிசி கட்ட ஆரம்பித்த வீடு, கட்டியவர் மிக்கெலோட்ஸோ. இதற்கு முன்னால் கட்டடக் கலைஞர் ப்ருனெலெஸ்கி ஒரு மாதிரி செய்துகொடுத்ததாகவும், அது ரொம்ப ஆடம்பரமாக இருக்கிறது, ஊர்க்காரர்கள் வயிறெரிவார்கள் என்று கோசிமோ ஒதுக்கிவிட்டதாகவும் ஒரு பழைய கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, கோசிமோவின் குணத்துக்குப் பொருந்துகிறது. நாடு கடத்தப்பட்டு 1434ல் திரும்பி வந்த மனிதர், பெயருக்கு ஒரு சாதாரணக் குடிமகன், ஆனால் குடியரசின் கடிவாளம் அவர் கையில். அப்படிப்பட்டவர் தெருவுக்கு எந்த முகத்தைக் காட்டுவார்? கீழ்த்தளம் முழுக்க மலையிலிருந்து பெயர்த்தபடியே வைத்தது மாதிரி முரட்டுக் கல். நடுத்தளத்தில் அதே கல் தட்டையாகி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு மட்டும் தெரிகிறது. மேல்தளத்தில் கோடும் மறைந்து வழவழவென்று ஆகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே சுவருக்கு வெளியே நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கூரை விளிம்பு. பியெத்ராஃபோர்ட்டே என்ற பழுப்புக் கல், ஃப்ளாரன்ஸ் கட்டடங்களில் நிறையப் பார்ப்பீர்கள். கீழிருந்து மேலே கண்ணை ஓட்டினால் கட்டடம் மெல்ல மெல்ல லேசாகிக்கொண்டே போகும்.

சுவரடியில் நீளமாக ஒரு கல் பெஞ்ச் ஓடுகிறது, வீட்டோடு சேர்த்தே கட்டியது. நம்ம ஊர்த் திண்ணை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்தது. கோசிமோவிடம் சிபாரிசுக்கும் கடனுக்கும் வந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்திருப்பார்கள். இப்போது நடந்து கால் வலித்தவர்கள் உட்காருகிறார்கள். மூலையில் மெடிசி சின்னம், கேடயத்தில் உருண்டை உருண்டையாக இருப்பதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். அதே மூலையில் கீழ்த்தள ஜன்னல்களைக் கவனியுங்கள், ஜன்னலடிக் கட்டைக்குக் கீழே நீளமான இரண்டு வளைந்த தாங்கிகள், முழங்காலிட்டு உட்கார்ந்த கால்கள் மாதிரி இருக்கும். முதலில் இந்த மூலை திறந்த மண்டபமாக இருந்தது, 1517 வாக்கில் அதை அடைத்து ஜன்னல் வைத்தபோது வரைந்து கொடுத்தவர் மைக்கேலாஞ்சலோ என்று சொல்கிறார்கள். அவர் சிறுவயதில் கோசிமோவின் பேரன் லோரென்ஸோவின் ஆதரவில் இதே வீட்டில் தங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்.

இன்னொன்று, முகப்பின் நீளம் உங்களை ஏமாற்றும். மெடிசிகள் கட்டியது பத்து ஜன்னல் அகலம்தான். 1659ல் இந்த வீட்டை ரிக்கார்டி குடும்பம் வாங்கியது, வடக்குப் பக்கம் இன்னும் ஏழு ஜன்னல் அகலத்துக்கு நீட்டிவிட்டது. அதே கல், அதே ஜன்னல், அதே கூரை விளிம்பு. இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த புதுப் பணக்காரர்கள் தங்கள் காலத்து பாணியில் எதையாவது ஒட்டவைக்காமல் பழசையே தொடர்ந்தார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. உள்ளே அவர்கள் செய்தது வேறு கதை.

சரி, உள்ளே வாருங்கள். வாசல் வழியாகப் பார்த்தாலே முற்றமும், அதற்கு அப்பால் தோட்டத்தின் வெளிச்சமும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். அந்தக் கனமான இருண்ட கல்லைத் தாண்டி இரண்டடி வைத்ததும் எல்லாம் மாறிவிடும். நான்கு பக்கமும் வட்ட வளைவுகள், அவற்றைத் தாங்கும் மெல்லிய தூண்கள், சாம்பல் நிறக் கல், வெளிர் பூச்சு, மேலே வானம். வெளியே இருக்கும் கோட்டை முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் இரண்டாவது தளத்தில் இருப்பது தெருவில் பார்த்த அதே இரட்டை ஜன்னல், நடுவில் ஒரு சின்னத் தூண் வைத்து இரண்டாகப் பிரித்தது. வெளியே முரட்டுக் கல்லுக்கு நடுவில் பார்த்த ஜன்னல் இங்கே வழவழப்பான சுவரில் எவ்வளவு மென்மையாக இருக்கிறது பாருங்கள். அதற்கும் மேல் தளம் ஒரு காலத்தில் திறந்த தாழ்வாரமாக இருந்தது, குட்டித் தூண்கள் வரிசையாக நின்றன. அப்புறம் வந்தவர்கள் அதை அடைத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். நடுவில் நிற்காமல் ஏதாவது ஒரு மூலைக்கு எதிரே போய் நில்லுங்கள். அந்த மூலைத் தூணைப் பாருங்கள். மற்றத் தூண்கள் எப்படியோ அதே தடிமன், தலையில் அதே போதிகை. ஆனால் இந்த ஒற்றைத் தூணின் தலையில் இரண்டு பக்கத்து வளைவுகளும் வந்து இறங்குகின்றன, இரண்டு பக்கத்துச் சுவர்களும் அங்கேதான் சந்திக்கின்றன. கண்ணுக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய வீட்டின் மூலை ஒரு மெல்லிய தூணின் மேல் நிற்கிறதே என்று ஒரு சின்னப் பதற்றம் வரும். அப்படியே மேலே பார்த்தால் மூலைக்கு இரு பக்கமும் உள்ள ஜன்னல்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், மற்ற இடங்களில் இருக்கும் தாராளம் அங்கே இருக்காது.

ஏன் இப்படி? ப்ருனெலெஸ்கி 1419ல் ஆரம்பித்த அனாதைக் குழந்தைகள் இல்லம், ஓஸ்பெதாலே தெல்யி இன்னொசென்தி, இங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அதன் முகப்பு நீளமாக ஒரே நேர்கோட்டில் ஓடும், தூண், வளைவு, தூண், வளைவு, மேலே ஜன்னல். நேர்கோட்டில் அது பிரமாதமாக வேலை செய்தது. மிக்கெலோட்ஸோ அந்த யோசனையை எடுத்து நான்காக மடித்து ஒரு சதுரமாக்கினார். மடித்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. இதைப் போன்ற ஒரு முற்றத்தை ஒரு மாளிகைக்குள் இவ்வளவு ஒழுங்காக அப்போதுதான் செய்துபார்க்கிறார்கள். இருபது வருஷம் கழித்து உர்பினோ என்ற இத்தாலிய ஊரில் அதன் ஆட்சியாளர் ஃபெதெரிகோ தா மொன்தெஃபெல்த்ரோவின் அரண்மனையைக் கட்டிய லூச்சியானோ லௌரானா, மூலையில் ஒற்றைத் தூணை எடுத்துவிட்டு, எல் வடிவத்தில் ஒரு கனமான கல்தூணை வைத்து, அதன் இரு முகத்திலும் அரைத்தூண் பதித்தார். மூலைக்கு இடம் கிடைத்தது, ஜன்னல்கள் மூச்சு விட்டன. உர்பினோ முற்றத்தைத்தான் நூல்களில் உச்சம் என்பார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃப்ளாரன்ஸின் இந்த மூலையைப் பார்க்காமல் உர்பினோ போனால் அங்கே தீர்ந்த சிக்கல் என்ன என்றே தெரியாது. ஒரு பெரிய கலைஞர் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது, பிழை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

வளைவுகளுக்கு மேலே ஒரு பட்டை ஓடுகிறது, அதில் வட்ட வட்டமாகப் பளிங்குச் சிற்பங்கள், ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுண்ணப் பூச்சைச் சுரண்டி வரைந்த மாலைத் தோரணம். சில வட்டங்களில் மெடிசி சின்னம், மற்றவற்றில் கிரேக்கப் புராணக் காட்சிகள். இவை சிற்பி டொனாடெல்லோவின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் செய்தவை, அவருடைய சீடர் பெர்தோல்தோவின் பெயரும் அடிபடுகிறது. கைபேசியில் ஜூம் செய்து பாருங்கள், டேடலஸ் தன் மகன் இகாரஸுக்கு இறக்கை கட்டிவிடும் காட்சி ஒன்று இருக்கிறது. இந்த உருவங்களில் பல பழைய ரோமானிய ரத்தினக் கற்களில் கடுகளவு செதுக்கியிருந்த உருவங்களைப் பெரிதாக்கியவை. மெடிசிகள் அப்படிப்பட்ட செதுக்குக் கற்களைப் பைத்தியமாகச் சேர்த்தார்கள், ஒரு ஓவியத்துக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். விரல் நுனியில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு பொருளை, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி வீட்டு முற்றத்தில் பெரிதாக்கி வைப்பது சாதாரண அலங்காரம் கிடையாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் வழி. அந்தக் கற்களில் முக்கியமானவை இன்று ஃப்ளாரன்ஸில் இல்லை. பின்னாளில் ஃப்ளாரன்ஸின் டியூக்காக இருந்த அலெஸ்ஸாந்த்ரோ தெ மெடிசியின் விதவை மார்கரெட், ஃபர்னேஸே குடும்பத்தில் மறுமணம் செய்துகொண்டு போனபோது கூடவே போய், கடைசியில் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் சேர்ந்துவிட்டன. நேப்பிள்ஸ் போகிறவர்கள் ஃபர்னேஸே ரத்தினங்கள் உள்ள அறைகளைத் தவறவிடாதீர்கள், இந்த முற்றத்து வட்டங்களின் மூலத்தை அங்கே உள்ளங்கை அளவுக்கும் கீழே பார்க்கலாம்.

அப்புறம் டேவிட். மைக்கேலாஞ்சலோவுடையது அல்ல, டொனாடெல்லோவின் வெண்கல டேவிட், தலையில் தொப்பியோடு, கோலியாத்தின் தலைமேல் கால் வைத்து நிற்கும் அந்தச் சின்னப் பையன். அவன் நின்றது இந்த முற்றத்தின் நடுவில், ஒரு பீடத்தின் மேல். 1469ல் லோரென்ஸோவுக்கும் கிளாரிச்சே ஓர்சினிக்கும் கல்யாணம் நடந்தபோது விருந்து பந்தி இந்தச் சிலையைச் சுற்றித்தான் நடந்தது. தோட்டத்தில் டொனாடெல்லோவின் இன்னொரு வெண்கலம், ஹோலோஃபெர்னெஸின் தலையை வெட்டும் ஜூடித். இரண்டுமே கொடுங்கோலனை வீழ்த்தும் பலவீனர்களின் கதை. நகரத்தின் உண்மையான அதிகாரத்தை வைத்திருந்த வீடு, கொடுங்கோலனைக் கொல்லும் சிலைகளைத் தன் முற்றத்தில் வைத்து "நாங்கள் சுதந்திரத்தின் பக்கம்" என்று சொல்லிக்கொண்டது. 1494ல் மெடிசிகளை ஊர் துரத்தியது. அடுத்த வருஷமே குடியரசு இரண்டு சிலைகளையும் இங்கிருந்து பெயர்த்து அரசு மாளிகையான பலாட்ஸோ வெக்கியோவுக்குக் கொண்டுபோய்விட்டது, ஜூடித்தை அதன் வாசலிலேயே நிறுத்தியது. இப்போது அதே சிலைகள் மெடிசிகளுக்கு எதிராகப் பேசின. டேவிட் இன்று பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில், ஜூடித் பலாட்ஸோ வெக்கியோவின் உள்ளே. பர்ஜெல்லோவில் டேவிடை ஒரு பெரிய கூடத்தில், கண்ணுக்கு நேரே பார்ப்பீர்கள். இங்கே வந்து, அவனை இந்தத் தூண்களுக்கு நடுவில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், பின்னால் தோட்டத்து வெளிச்சத்தோடு நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் முதலில் இங்கே வந்துவிட்டு அப்புறம் பர்ஜெல்லோ போவது நல்லது.

இன்றைக்கு முற்றத்தில் இருப்பது சிற்பி பந்தினெல்லி செய்த ஆர்ஃபியூஸ், கிரேக்கப் புராணத்துப் பாடகன். மெடிசிகள் திரும்பி வந்து, அவர்கள் வீட்டுப் பிள்ளை பத்தாம் லியோ என்ற பெயரில் போப்பாக இருந்த காலத்தில் செய்தது. காலடியில் மூன்று தலை நாய் செர்பெரஸ், பாட்டால் அடக்கிவிட்டாராம். கையில் வாளோடு பையன் நின்ற வீட்டில் பாட்டால் சமாதானம் செய்கிறவன், செய்தி புரிகிறது. வத்திக்கானில் இருக்கும் அப்பல்லோ பெல்வெதெரே சிலையைப் பார்த்துச் செய்தது என்பது நிற்கும் நிலையிலேயே தெரியும். நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் டொனாடெல்லோவின் டேவிடிடம் இருக்கும் துடிப்பு இவரிடம் இல்லை. சிலையைவிட அது நிற்கும் பீடம் எனக்குப் பிடித்தது, பெனெதெத்தோ தா ரொவெத்ஸானோ செதுக்கியது, சுற்றி வந்து பாருங்கள்.

தாழ்வாரத்துச் சுவர்களில் கனமான சட்டங்களுக்குள் ரோமானியத் தலைகளும், உடைந்த சிற்பங்களும், லத்தீன் கல்வெட்டுகளும் பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது ரிக்கார்டிகளின் வேலை. தங்கள் பழம்பொருள் சேகரிப்பைக் காட்ட அவர்களுக்கும் இதே முற்றம்தான் வசதியாக இருந்தது. சேகரிப்பில் தனித்தனித் துண்டுகள் நன்றாக இருந்தாலும், மிக்கெலோட்ஸோவின் வெற்றுச் சுவருக்கு இவ்வளவு அலங்காரம் பாரமாகத்தான் இருக்கிறது. தூண்களையும் வளைவுகளையும் பார்க்கும்போது கண் பின்னால் இருக்கும் சட்டங்களில் போய் இடறுகிறது. இந்தச் சேகரிப்பின் மற்ற பளிங்குத் தலைகள் கீழே நிலவறையில் தனி அருங்காட்சியகமாக இருக்கின்றன. அங்கே கூட்டமே இருக்காது, வெயில் நாளில் குளுமையாகவும் இருக்கும்.

பின்பக்கத் தோட்டம் சின்னது, தொட்டிகளில் எலுமிச்சை மரங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இப்போது மாடி. சிற்றாலயம் சின்ன அறை என்பதால் ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுவார்கள். பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது நிதானமாகப் பார்ப்பது கஷ்டம், அதனால் காலையில் திறந்த உடனே போவதுதான் புத்திசாலித்தனம். உள்ளே நுழைந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாது, மூன்று சுவரிலும் ஊர்வலம். பெத்லகேமுக்குப் போகும் மூன்று அரசர்கள், ஆனால் போகும் பாதை டஸ்கனி மலைச்சரிவு, கூட வருகிறவர்கள் ஃப்ளாரன்ஸ் ஆட்கள். பெனோட்ஸோ கொட்ஸோலி 1459ல் வரைய ஆரம்பித்தார். நுழைந்ததும் கிழக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இளம் அரசர் காஸ்பர் தங்க உடையில் வெள்ளைக் குதிரையில் வருகிற சுவர். அவருக்குப் பின்னால் கோசிமோவின் மகன் பியெரோ வெள்ளைக் குதிரையில், கோசிமோ ஒரு கோவேறு கழுதையில். ஊரையே வாங்கக்கூடியவர் கழுதையில் வருகிறார், பணிவாம். அதற்கும் பின்னால் நெருக்கியடிக்கும் முகங்களில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நேராக உங்களையே பார்ப்பார், தொப்பியின் ஓரத்தில் தங்க எழுத்தில் பெயர் இருக்கும். அவர்தான் கொட்ஸோலி.

வரைந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர்கள் தலையிட்டார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. பியெரோவுக்கு ஓவியத்தில் வந்த குட்டித் தேவதைகள் சில பிடிக்கவில்லை. 1459 ஜூலையில் கொட்ஸோலி அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, தேவதைகள் பெரிதாகத் தெரியாதபடிதான் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் மேகம் போட்டு மறைத்துவிடுகிறேன் என்கிற மாதிரிப் பதில். வீடு கட்டும்போது கொத்தனாரோடும் தச்சரோடும் நடக்கும் பேச்சுதான்.

ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் சின்ன விஷயங்களுக்கு வாருங்கள். மேற்குச் சுவரில் ஒரு குதிரையின் முதுகில் ஆளோடு சேர்ந்து உட்கார்ந்து வரும் சிறுத்தை மாதிரியான வேட்டைப் பூனை, குதிரைச் சேணத்தில் பொன் வேலை, பலிபீடத்தின் இருபுறமும் மண்டியிட்ட தேவதைகளின் இறக்கையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக. இந்த அறைக்கு அன்று வெளிச்சம் என்றால் பெரும்பாலும் மெழுகுவர்த்திதான். அவ்வளவு தங்கத் தகடு ஏன் என்பது அப்போது விளங்கும், சுடர் அசையும்போது ஊர்வலமும் அசையும். தரையையும் பாருங்கள், வண்ணக் கற்களை வெட்டிப் பொருத்தியது, மேலே கூரையின் பொன் வேலைக்குச் சமமான உழைப்பு காலடியிலும் இருக்கிறது.

தென்மேற்கு மூலையில் சுவர் விசித்திரமாக உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். 1689ல் ரிக்கார்டிகள் பெரிய படிக்கட்டு கட்டுவதற்காக இந்த மூலையை அறுத்து உள்ளே தள்ளினார்கள், வயதான அரசர் மெல்கியோர் வரும் சுவர் துண்டானது. ஓவியம் வெட்டுப்பட்ட இடத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் வயிறு பிசையும். வெளி முகப்பை அவ்வளவு பவ்யமாக நீட்டியவர்கள்தான் இதையும் செய்தார்கள். பலிபீடத்தின் மேல் இருப்பது ஃபிலிப்போ லிப்பி வரைந்த படத்தின் பழைய பிரதி, மூலம் பெர்லினில். ஊர்வலம் முழுக்க எந்தப் படத்தை நோக்கி வருகிறதோ அந்தப் படம் வேறு நாட்டில் இருக்கிறது. லிப்பியின் கையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இதே மாளிகையில் அவருடைய ஒரு மடோனா இருக்கிறது, கடைசிக் காலத்து வேலை, அன்னையின் கன்னமும் குழந்தையின் கன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேடிப் போய்ப் பாருங்கள்.

லூக்கா ஜோர்தானோ 1680களில் கூரை வரைந்த கண்ணாடிக் கூடமும் டிக்கெட்டில் அடக்கம். பொன்னும் கண்ணாடியுமாகப் பளபளக்கும், கூரையில் மெடிசிகள் வானத்தில் மிதப்பார்கள். பரோக் என்ற அந்தக் காலத்து ஆடம்பர பாணி பிடித்தவர்களுக்கு இதுவே வந்ததற்குப் போதும். எனக்கு, கீழே அந்தச் சாம்பல் நிறத் தூண்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, கொஞ்ச நேரத்திலேயே திகட்டிவிட்டது. ரிக்கார்டிகள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சுற்றுச் சுற்றலாம்.

யாருக்கு இந்த இடம் சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். பேர்போன ஓவியங்கள் வரிசையாக மாட்டியிருக்கும் கூடங்கள் வேண்டும் என்றால் உஃபீட்ஸிதான். அறை அறையாக அந்தக் காலத்துக் கட்டில், மேஜை, பாத்திரம் பார்க்க வேண்டும் என்றாலும் ஏமாற்றம்தான், மெடிசிகளின் சாமான்கள் 1494லேயே சூறையாடப்பட்டு, ஏலம் போய்ச் சிதறிவிட்டன. 1540ல் குடும்பம் பலாட்ஸோ வெக்கியோவுக்கும் அப்புறம் பித்தி அரண்மனைக்கும் போய்விட்டது. ஃப்ளாரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த 1865 முதல் 1871 வரையிலான காலத்தில் இங்கே உள்துறை அமைச்சகம் இருந்தது. இன்றும் மாவட்ட நிர்வாகத்தின் அலுவலகங்கள் உள்ளேயே இயங்குகின்றன. ஃபைலைத் தூக்கிக்கொண்டு தூண்களுக்கு நடுவே போகிறவர்களைப் பார்க்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வீடு கட்டியதே குடியிருக்கவும் வியாபாரம் பேசவும் ஆட்களைக் காக்கவைக்கவும்தான், இன்னும் அந்தப் புழக்கம் முழுசாக நின்றுபோகவில்லை.

போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம்: புதன்கிழமை விடுமுறை, இதைக் கவனிக்காமல் வந்து வாசலில் நிற்பவர்கள் உண்டு. காலையில் முதல் ஆளாகப் போய், நேரே மாடியேறிச் சிற்றாலயத்தைக் கூட்டம் சேர்வதற்குள் பார்த்துவிட்டு, மற்ற அறைகளை முடித்துக்கொண்டு, கடைசியில் முற்றத்துக்கு இறங்கி எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் இருங்கள். தலைப்பில் ஓடாதீர்கள் என்று சொன்னது முற்றத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான், கூட்டத்தைத் தவிர்க்க இந்த வரிசைதான் வசதி. உச்சி வெயில் நேராக முற்றத்தில் இறங்கும்போது வட்டச் சிற்பங்களின் நிழல் நன்றாக விழும், அப்போது இருந்தால் இன்னும் நல்லது. மாணவர்களோ கட்டடக்கலை படிக்கிறவர்களோ கூட இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப்போகச் சொல்லுங்கள், அந்த மூலையை ஒருமுறை கையால் வரைந்து பார்த்தால்தான் ஜன்னல் ஏன் நெருக்குகிறது என்று கைக்கே புரியும்.

அதே நாளில் நடந்தே போகக்கூடிய தூரத்தில் மூன்று இடம் இருக்கிறது. பக்கத்திலேயே மெடிசிகளின் குடும்பத் தேவாலயம் சான் லோரென்ஸோ. இதே தெருவில் வடக்கே போனால் கோசிமோவின் பணத்தில் மிக்கெலோட்ஸோ புதுப்பித்த சான் மார்கோ மடம், அங்கே கொட்ஸோலியின் குரு ஃப்ரா ஆஞ்சலிகோவின் ஓவியங்களும் கோசிமோ தனக்கென வைத்திருந்த அறையும் உண்டு. அங்கிருந்து திரும்பினால் இன்னொசென்தி. வரிசையை மாற்றி, முதலில் இன்னொசென்தி முகப்பைப் பார்த்துவிட்டு அதே காலையில் மெடிசி முற்றத்துக்கு வந்தால் நான் சொன்ன மடிப்பு விஷயம் உடனே பிடிபடும், சிற்றாலயக் கூட்டத்தை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டில் எது முக்கியம் என்பது உங்கள் விருப்பம், நான் மறுபடி போனால் இன்னொசென்தியிலிருந்துதான் நடந்து வருவேன்.